பாட்டுக்காரர் வீட்டு மருந்துப் புட்டி

வாய் சிறுத்த புட்டியைக் கழுவப் பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே துணி போகாது, விரலும் போகாது. ஒரு பிடி அரிசி நொய்யைப் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, வாயைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு நூறு எண்ணும் வரை குலுக்க வேண்டும். இப்படி மூன்று தடவை. பிறகு வெயிலில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால், சாயங்காலம் மோந்து பார்க்கும்போது எந்த வாசனையும் இருக்காது. அடியில் ஒரு சொட்டுகூடத் தங்காது. இதை நான் என் அப்பாவிடம் கற்றுக்கொண்டேன். இராமதாஸ் அண்ணனுக்கு நான் கற்றுக்கொடுத்தேன்.

என் பெயர் சுலோசனா. வயது இருபது. முதலியார்பேட்டையில் மில்லுக்குப் பின்னால் உள்ள தெருவில் இருக்கிறோம். அப்பா ஆதிமூலம் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறவர். அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன அந்த 1954இல்தான் நானும் பள்ளிக்கூடத்தை விட்டேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. யாரோ பெரிய மனிதர் வந்திருந்தார் என்று என்னை எழுப்பி ஒரு பாட்டு ஒப்பிக்கச் சொன்னார்கள். எனக்கு அது முழுதும் தெரியும். ஆனால் குரல் வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். மற்ற பெண்கள் சிரித்தார்கள். மறுநாள் நான் போகவில்லை. அப்பா இரண்டு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அன்றிலிருந்து சொல்ல வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதுகிறேன். இது பதினொன்றாவது நோட்டு. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு தேதியைப் பற்றிக் கடிதம் வந்திருப்பதால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இராமதாஸ் அண்ணன் எதிர்வீடு. மில்லில் டைம்கீப்பராக இருந்தார். தொழிலாளர் கூட்டங்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுப்பார். அதை எங்கேயோ கேட்டுவிட்டு ஒருநாள் சுப்பிரமணியன் சார் தேடி வந்தார். சார் சென்னையில் சினிமாவுக்கு இசை அமைப்பவர். அங்கே மதுவிலக்கு. இங்கே இல்லை. அதனால் சனிக்கிழமை பிற்பகல் காரில் இங்கே வந்துவிடுவார். ஆர்மோனியமும் கூடவே வரும். அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இரண்டு பேரும் உட்காருவார்கள். நடுவில் புட்டி இருக்கும்.

சினிமாப் பாட்டு எப்படி உண்டாகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பாட்டு எழுதி அதற்கு ராகம் போடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மெட்டுத்தான் முதலில் வரும். சார் ஆர்மோனியத்தை அமுக்கிக்கொண்டு ‘தன்னான தானனா’ என்று வார்த்தை இல்லாமல் பாடுவார். அந்தத் தன்னானவுக்குள் உட்காருகிற மாதிரி அண்ணன் சொற்களைத் தேட வேண்டும். ஒரு எழுத்து நீண்டால்கூட மெட்டு நொண்டும். ஞாயிற்றுக்கிழமை சார் சென்னைக்குத் திரும்பிவிடுவார். மறு சனிக்கிழமைக்குள் பாட்டு வேண்டும்.

தொல்லை என்னவென்றால் அண்ணனுக்கு மெட்டு நினைவில் நிற்காது. சனிக்கிழமை கேட்கும்போது அழுவார், தொடையில் தட்டுவார், ‘ஆகா’ என்பார். திங்கட்கிழமை காலையில் ஒன்றும் இருக்காது. குடிக்கிறவருக்கு அப்படித்தான்.

1956 தை மாதம். அண்ணனின் மகள் பார்வதி பிறந்து நாற்பது நாள். ஆதிலட்சுமி அண்ணிக்கு உதவியாக நான் அவர்கள் அடுக்களையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை அறியாமல் அந்த மெட்டை முனகியிருக்கிறேன். அவர் அடுக்களை வாசலுக்கே வந்துவிட்டார்.

“யாரு அது? நீயா?”

நான் அம்மியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முழுசாத் தெரியுமா ஒனக்கு? இன்னொரு தரம் சொல்லு. ஏய் ஆதி, இந்தப் பொண்ணு வாயத் தொறந்து நீ பாத்திருக்கியா? உள்ள ஒரு ஆர்மோனியத்தையே வெச்சிருக்குது பாரு.”

அவர் எதிரில் முடியவில்லை. கூடத்துக்குப் போகச் சொல்லி அண்ணி அவரைத் துரத்தினாள். கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முதல் அடியிலிருந்து கடைசி வரை முனகினேன். வார்த்தை இல்லாததால் குரல் வந்தது. அன்றைக்குப் பிறந்ததுதான் ‘சங்கு ஊதி நாழியாச்சு, சாமி இன்னும் காணலியே’. மில் சங்கு ஊதியும் வீட்டுக்கு வராத புருஷனுக்காக ஒருத்தி காத்திருக்கும் பாட்டு. அந்த வருஷம் அது ஒலிக்காத கல்யாண வீடு கிடையாது.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் இதுதான் முறை. சனிக்கிழமை சார் பாடும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்று வாங்கிக்கொள்வேன். வாரம் முழுவதும் அந்த மெட்டு உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருக்கும். ஒன்று சென்னையில் சாரிடம், இன்னொன்று என் தொண்டையில். அண்ணன் கூடத்திலிருந்து கூப்பிடுவார்: “சுலோ, மூணாவது அடி எப்பிடிப் போவுது?” நான் முனகுவேன். ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை. பதினாலு பாட்டு எழுதினார். அதில் ஐந்து ஊரெல்லாம் பாடிய பாட்டு. ‘குடையை விட்டுப் போனவரே, மழையை என்ன செய்வதினி’ வந்தபோது மில் வேலையை விட்டார். பாட்டுக்காரர் வீடு என்றால் தபால்காரருக்குத் தெரியும்.

மில்லை விட்டாலும் மில் பழக்கம் விடவில்லை. எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் தேதியும் மணியும் மேலே எழுதிவிட்டுத்தான் மற்றது. வீட்டுக்கு மளிகைச் சாமான் எழுதும்போதுகூட அப்படித்தான். நானும் அவரைப் பார்த்து நோட்டில் தேதி போடக் கற்றுக்கொண்டேன். அதனால் நான் சொல்கிற தேதிகளை நம்பலாம்.

1960 மாசியில் அண்ணன் ரத்தமாக வாந்தி எடுத்தார். அண்ணியும் அவள் தம்பி கன்னியப்பனும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கன்னியப்பன் லாரி ஓட்டுகிறவர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அண்ணனோடு உட்கார்ந்து அவரும் குடிப்பார். “மாமா குடிச்சா நாலு பேருக்குப் பாட்டு கெடைக்குது. நான் குடிச்சா எங்கக்கா கையால தொடப்பக்கட்டதான் கெடைக்குது” என்பார். அன்றைக்கு அவர் பேசவில்லை. ஈரல் கெட்டுவிட்டது, இனி தொட்டால் ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொன்னதாக அண்ணி வந்து சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பார்வதியைக் கூப்பிட்டு, அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். இனி தொடமாட்டேன் என்றார். அவளுக்கு நாலு வயது. தலையில் கை வைத்ததும் விளையாட்டு என்று நினைத்து அவளும் எட்டி அவர் தலையில் கை வைத்தாள்.

அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். இதை நான் சொல்லியாக வேண்டும். அவர் ஒருநாளும் அதை மீறவில்லை.

குடிக்குப் பதிலாக மூக்குப்பொடி பிடித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு இரண்டு மட்டை. குழம்பு தீய்ந்த வாசனைகூட அவருக்குத் தெரியாது. காலையில் சீக்கிரம் எழுந்து பார்வதியைத் தோளில் வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போனார். முகம் தெளிந்தது. சதை போட்டது. சார் வரும்போது புட்டியை ஹோட்டலிலேயே முடித்துவிட்டு வெறும் ஆர்மோனியத்தோடு வந்தார். எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை. வழக்கம்போல அடுக்களையில் நின்றிருந்தேன். கூடத்தில் அவர் எழுதும் சத்தம் கேட்டது. கூப்பிடவே இல்லை. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. நானே கதவு வரைக்கும் போனேன்.

“என்னாம்மா? மெட்டா? எனக்கே ஞாபகம் இருக்குது இப்ப. ஒவ்வொரு அடியும் நிக்குது, பாரேன். நீ போயி ஒன் வேலயப் பாரு. பாவம், எத்தினி வருஷம் ஒன்ன அடுப்பங்கரையிலயே நிக்க வெச்சிட்டேன்.”

நல்ல மனிதர். அன்பாகத்தான் சொன்னார்.

அந்தப் பாட்டையும் அதற்கு அடுத்த பாட்டையும் நான் பிறகு படித்துப் பார்த்தேன். உப்பில்லாத சோறு மாதிரி இருந்தன. ஜனங்கள் பாடினார்கள், உண்மைதான். ஜனங்கள் எதையும் பாடுவார்கள். சார் பாராட்டினார். சார் எல்லோரையும் பாராட்டுகிறவர். ஆனால் அண்ணனுடைய பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சங்கு ஊதி நாழியாச்சு என்பதில் இருந்த வலி இதில் இல்லை. பாட்டு அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்க யாராவது இருந்தார்களா என்றால் இல்லை. குடும்பத்துக்கு அவர் உயிர் வேண்டும். பாட்டைப் பற்றி யார் நினைப்பார்கள்?

ஆஸ்பத்திரியில் அவருக்கு மிக்ஸ்சர் கொடுத்தார்கள். புட்டியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் மருந்தை ஊற்றி, பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் புட்டியின் பக்கத்தில் ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. மூன்று வேளை மருந்து, நாலு நாளைக்குப் பன்னிரண்டு பல். கறுப்பாக, கசப்பாக, கிராம்பும் இரும்பும் கலந்த மாதிரி நாற்றம் அடிக்கும். அண்ணிக்குக் கைவேலை அதிகம் என்பதால் புட்டியைக் கழுவுவதும் மருந்து வாங்கி வருவதும் வேளாவேளைக்கு ஊற்றிக் கொடுப்பதும் என்னிடம் வந்தன. பேச வேண்டாத வேலை.

என் அப்பா ஹோட்டலில் மேசை துடைக்கும்போது புட்டிகளின் அடியில் மிஞ்சுவதையெல்லாம் ஒரே புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் சேர்ந்திருக்கும். அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பார். அதில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்கு ஒருநாளும் சரியாகத் தெரியாது.

1960 ஆவணி 12ஆம் தேதி முதல் தடவை. ஒரு பல் அளவு மருந்தைக் கீழே கொட்டிவிட்டு அதற்குப் பதில் அப்பாவின் புட்டியிலிருந்து ஊற்றினேன். பன்னிரண்டில் ஒரு பங்கு. அண்ணன் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “கம்பவுண்டருக்குப் பொண்டாட்டியோட சண்டை போலருக்குது, இன்னிக்கு ரொம்பக் கசப்பு” என்றார். அவ்வளவுதான். பத்து நாள் கழித்து இரண்டு பல். புரட்டாசியில் மூன்று. ஐப்பசியில் பாதிக்குப் பாதி. படிப்படியாக ஏற்றினால் நாக்குக்குத் தெரியாது. ஒருவேளை அவருக்குத் தெரிந்திருக்கும், கேட்டால் நின்றுவிடும் என்று கேட்காமல் இருந்திருப்பார் என்றும் சில சமயம் நினைத்துக்கொள்வேன். மருந்து வேளைக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே என் வீட்டு வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஐப்பசி 20ஆம் தேதிக்கு நோட்டில் ஒரே வரிதான் இருக்கிறது. ‘இன்று கூப்பிட்டார்.’

மூன்றாவது அடி மறந்துபோயிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று முனகினேன். அவர் மறுபடி கேட்டார். மறுபடி முனகினேன். அந்த மாதம் நாலு பாட்டு எழுதினார். மூன்றைச் சார் திருப்பி அனுப்பிவிட்டார், நாலாவதைக் காமெடிக்கு வைத்துக்கொண்டார். அப்போது சாருடைய ரசனை மாறிக்கொண்டிருந்தது.

தையில் அண்ணனின் கண் மஞ்சளாயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த உடனே, மறுபடி குடிக்கிறாரா என்று அண்ணியைக் கேட்டாராம். வீட்டுக்கு வந்ததும் அண்ணி அவர் வாயை மோந்து பார்த்தாள். நான் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“வாசன வருது. எங்க குடிச்சிட்டு வந்த?”

“தொடல ஆதி. ஒரு சொட்டு தொடல.”

“அப்ப இந்த வாசன எங்கருந்து வருது? மருந்துலருந்தா வருது?”

“எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு மூக்கே வேல செய்யல. புள்ள மேல சத்தியமாச் சொல்றேன்...”

“வாணாம். அவ தலயில கை வெக்காத. வாணாம் சொல்லிட்டேன்.”

அவர் வைத்துவிட்டார். பார்வதியை இழுத்து, இரண்டு கையையும் வைத்து, குடிக்கவில்லை என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

பத்து நாளில் பார்வதிக்குக் காய்ச்சல் கண்டது. இருபத்தோரு நாள் இறங்கவில்லை. முடியெல்லாம் கொட்டியது. பொய்ச் சத்தியம் பிள்ளையைத் தின்கிறது என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். கன்னியப்பன் வந்தபோது அண்ணி அவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

“நீதான ஊத்திக் குடுக்கற?”

“அக்கா, நானா? மாமாவப் பாத்தே ஒரு மாசம் ஆவுது.”

“லாரியில வெச்சி ஊத்தற. வேற யாரு இருக்கறாங்க இந்த வீட்டுக்கு வர்றவங்க? சொல்லு. அந்த ஊமப் பொண்ணா ஊத்திக் குடுக்குது?”

கன்னியப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அண்ணிக்கு நிச்சயமாகிவிட்டது. இனி என் வாசல் மிதிக்காதே என்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிய மறுநாள் அவளைத் தூக்கிக்கொண்டு நோணாங்குப்பத்துக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம், “வேளைக்கு மருந்து குடுத்துடும்மா. ஒன்னத்தான் நம்பியிருக்கேன்” என்றாள். கொடுத்தேன். ஒரு வேளை தவறவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் அண்ணன் என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். அதுவரை அப்படிச் சொன்னதில்லை.

“சுலோ, நீ பொய் சொல்லமாட்ட. எனக்கே தெரியாம நான் எங்கயாவது போயிக் குடிக்கறேனா? நீ பாத்திருக்கியா?”

“இல்லண்ணே.”

“தூக்கத்துல நடக்கறவங்க இருக்கறாங்களாம். அந்த மாதிரி ஏதாவது? டாக்டர் பொய் சொல்லமாட்டாரு, ஆதி பொய் சொல்லமாட்டா. அப்ப நான்தான பொய்யி?”

அலமாரியிலிருந்து ஒரு பூட்டும் சாவியும் எடுத்து என்னிடம் கொடுத்தார். தினமும் தன்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிடச் சொன்னார். சோறு கொண்டுவரும்போதும் மருந்து கொடுக்கும்போதும் திறந்தால் போதும். அப்படியாவது அந்தக் குடிகாரன் வெளியே போகாமல் இருக்கட்டும் என்றார். மாசியும் பங்குனியும் முழுக்க அப்படித்தான் நடந்தது. பூட்டுவேன். மூன்று வேளை திறப்பேன். ஜன்னலண்டை நின்று மெட்டை முனகுவேன், அவர் உள்ளே இருந்து கேட்பார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பேசியது கிடையாது. பேச்சு என்று அதைத்தான் சொல்கிறேன்.

1961 ஏப்ரல் 22ஆம் தேதி எனக்கு அம்மை போட்டது. அப்பா வாசலில் வேப்பிலை செருகினார். மூன்று தண்ணீர் ஊற்றும் வரை நான் வாசற்படி தாண்டக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. சாவியை அப்பாவிடம் கொடுத்து, எதிர்வீட்டைத் திறந்துவிட்டு வரச் சொன்னேன். பதினைந்து நாள் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். உடம்பு எரிச்சலைவிட அவர் என்ன செய்வார் என்ற கவலைதான் அதிகம்.

மே 7ஆம் தேதி மூன்றாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனேன். அண்ணன் வாசலில் நின்றிருந்தார். சவரம் செய்திருந்தார். கண்ணில் மஞ்சள் குறைந்திருந்தது.

“வாம்மா. மாரியாத்தா விட்டுட்டாளா? மூஞ்சியில ரெண்டு முத்து மட்டும் அடையாளம் வெச்சிட்டுப் போயிருக்கறா, பரவால்ல. நீ இல்லன்னு நான் சும்மா இல்ல. நீ சொல்லுவியே, நொய் போட்டுக் குலுக்கறது, மறுநாளே அதே மாதிரி புட்டியக் கழுவி வெயில்ல வெச்சி, புது மருந்து நானே போயி வாங்கியாந்தேன். பதினஞ்சி நாளும் கதவு தொறந்தேதான் இருந்திச்சி. எங்கயும் போவல சுலோ. நான் குடிக்கல. எனக்கே இப்ப தெரிஞ்சி போச்சி, நான் குடிக்கல.”

பிறகு ஒரு தாளைக் காட்டினார். படிக்கவில்லை, பாடிக் காட்டினார். சார் பங்குனியில் விட்டுப்போன மெட்டு. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

‘கதவு திறந்தே இருக்குதம்மா
காலடி ஓசை காணவில்லை
அளந்து வைத்த சுவரின் கோட்டை
அழிக்க எனக்கு மனமுமில்லை’

வருஷா வருஷம் பார்வதியைச் சுவரில் சாய்த்து நிறுத்தி உயரம் அளந்து கரிக்கோடு போட்டிருப்பார். அதைத்தான் எழுதியிருந்தார். சாருக்கு அனுப்பியாயிற்று, வெள்ளிக்கிழமை நோணாங்குப்பம் போய்ப் பிள்ளையைக் கூட்டிவரப் போகிறேன் என்றார். “மெட்டு சரியாத்தான பாடுனேன்? நீதான் ஜட்ஜி.” சரி என்று தலையாட்டினேன்.

அன்று மத்தியான மருந்திலிருந்து ஒன்பது பல்.

வெள்ளிக்கிழமை அவர் நோணாங்குப்பம் போனார். வெள்ளை வேட்டி, கையில் பிஸ்கோத்துப் பொட்டலம். அண்ணி வாசல் வரைக்கும் வந்து, கிட்டே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாளாம். உள்ளே பார்வதி அழும் சத்தம் கேட்டதாம். பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்ததும் பூட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அதன் பிறகு மருந்தை அவரே கேட்டு வாங்கிக் குடித்தார்.

கார்த்திகையில் வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் இறந்தார். கடைசி இரண்டு நாள் எந்த மெட்டைச் சொன்னாலும் அவருக்குத் தெரியவில்லை. நான் கட்டிலண்டை உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாக முனகினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் நான் அழுவதாக நினைத்தார்கள். பிணத்தின்மேல் விழுந்து அண்ணி கதறினாள். காய்ச்சலில் கொட்டிய முடி இன்னும் முழுதாக வளராத பார்வதியைத் தூக்கிக்கொண்டு நின்றது நான். கன்னியப்பன் மாலையோடு தெருமுனையில் நின்றார். உள்ளே விடவில்லை. “ஒரு சொட்டு குடுக்கலக்கா” என்று கத்தினார். யாரும் நம்பவில்லை. இப்போது அவர் இந்தப் பக்கம் வருவதில்லை. ஒண்டியாகக் குடிக்கிறார் என்று அப்பா சொன்னார். ஹோட்டல் பின்வாசலில் உட்கார்ந்திருப்பாராம்.

இராமதாஸ் அண்ணனுக்கு மருந்தில் மதுவைக் கலந்து கொடுத்தது நான்தான். பதினைந்து மாதம், அதில் பதினைந்து நாள் நீங்கலாக. அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. தெருவில் சிலர் நினைக்கக்கூடிய மாதிரி வேறு எண்ணமும் கிடையாது. அவர் இன்னும் இருபது வருஷம் இருந்திருப்பார். மகளுக்குக் கல்யாணம் செய்திருப்பார். அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பாட்டு எத்தனை பேரிடம் இருக்கிறது? எனக்காக நான் எதுவும் செய்துகொள்ளவில்லை.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். ‘கதவு திறந்தே இருக்குதம்மா’ இந்தச் சித்திரையில் படத்தில் வந்தது. அவர் எழுதியதிலேயே அதுதான் பெரிய பாட்டு. இந்த ஆகஸ்டு மாதம், ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த கொண்டாட்டத்தில், தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி கட்டி அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கொண்டாட்டத்துக்கும் அந்தப் பாட்டுக்கும் என்ன பொருத்தம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் நின்று கேட்டார்கள். நோணாங்குப்பத்தில் அண்ணியின் அம்மா வீட்டுக்கு எதிரிலேயே ஒன்று கட்டியிருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு பத்திரிகை அண்ணனின் வாழ்க்கையை எழுதப்போகிறதாம். அந்தப் பாட்டு எந்தத் தேதியில் பிறந்தது, அப்போது அவர் எந்த நிலையில் இருந்தார் என்று என் நோட்டைப் பார்த்துச் சொல்லும்படி சார் எழுதியிருக்கிறார். நோட்டில் அந்த நாட்களுக்குப் பக்கம் காலியாக இருக்கிறது. ஆனால் அண்ணன் எழுதிய தாள் என்னிடம் உள்ளது. மேலே அவர் வழக்கப்படி போட்டிருக்கிறார்: 29-4-61, காலை 10.20.

எனக்கு அம்மை போட்ட எட்டாம் நாள். அவர் புட்டியைக் கழுவி ஆறு நாள்.

இதைப் பற்றி நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் ஆண்பிள்ளை, அவசரக்காரர். நூறு எண்ணியிருக்கமாட்டார். எவ்வளவு குலுக்கியிருந்தாலும் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்.